எட்டாவது வரைபடம்

ஜூன் 9, ஞாயிறு

காலையில் கேஸ் சிலிண்டர் வந்தது. பொற்கொடிக்கு இட்லியைப் பாலில் குழைத்து ஊட்டினேன். இரண்டு இட்லிக்கு முக்கால் மணி நேரம். வலது கை அசைவது நின்று மூன்று வாரம். இடது கையில் ஐந்து விரல்களும் அசைகின்றன. டாக்டர் கேட்டால் சொல்ல வேண்டும் என்பதற்காக இதையெல்லாம் தேதியோடு எழுதுகிறேன். இருபத்தாறு வருடம் சர்வேயராக இருந்துவிட்டேன். அளந்ததைக் குறிக்காமல் இருக்க வராது.

நோயின் பெயர் மோட்டார் நியூரான் நோய். தசைகளுக்குப் போகும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டே வரும். அறிவுக்கு ஒன்றும் ஆகாது. போன வருடம் மார்ச்சில் சொன்னார்கள். ஏப்ரலிலிருந்து நான் நீண்ட விடுப்பில் இருக்கிறேன்.

மத்தியானம் படுக்கையில் சாய்த்து உட்கார வைத்தபோது கேட்டாள். வார்த்தைகள் குழறித்தான் வருகின்றன, எனக்கும் மகள் வதனிக்கும் மட்டும் புரியும்.

“ஏங்க, வதனியோட பழைய லேப்டாப் ஓடுதா?”

“ஓடும்னு நெனைக்கிறேன். எதுக்கு?”

“அதுல ஒரு கேம் போட்டுக் குடுங்க.”

“என்ன கேம்? சீட்டா?”

“துப்பாக்கி கேம்.”

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

ஜூன் 11, செவ்வாய்

விளையாட்டின் பெயர் ஸ்டோன்ஹாலோ. அவள் கல்லூரியில் படித்த காலத்தில் வந்தது. நம் கண் இருக்கும் இடத்திலிருந்தே எல்லாம் தெரியும்; கீழே நம் கையும் துப்பாக்கியும் மட்டும் தெரியும். இருட்டுக் குகைகளுக்குள் நடந்து, வருவதையெல்லாம் சுட வேண்டும்.

பழைய கணினியில்தான் அது ஓடும். ஆனால் அதைச் செய்த கம்பெனி பிறகு மூல நிரலை எல்லாருக்கும் திறந்து கொடுத்துவிட்டதாம். எந்தெந்த நாட்டிலோ இருப்பவர்கள் அதை இன்றைய கணினிகளில் ஓடும்படி திருத்தி எழுதியிருக்கிறார்கள். அதற்குப் பெயர் ஓபன்ஹாலோ. இலவசம். நிரல் மட்டும்தான் இலவசம். படங்கள், சத்தங்கள், குகைகள் எல்லாம் பழைய சிடியில் ஒரு கோப்பில் இருக்கின்றன. அந்தக் கோப்பு இல்லாமல் ஓடாது.

இதைச் சொல்லி முடிக்க அவளுக்கு நான்கு தடவை மூச்சு வாங்கியது.

“ஒனக்கு எப்படி இதெல்லாம் தெரியும்?” என்று கேட்டேன்.

“நான் கம்ப்யூட்டர் இன்ஜினியருங்க.”

சண்டைக்காகச் சொல்லவில்லை. தகவலாகத்தான் சொன்னாள்.

அவள் சான்றிதழ் ஃபைலைப் பார்க்கச் சொன்னாள். பீரோவின் அடித்தட்டில் இருந்தது. பட்டச் சான்றிதழுக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறைக்குள் அந்த சிடி. கம்ப்யூட்டரோடு சேர்ந்து இதுவும் போய்விட்டது என்று நினைத்திருந்தேன்.

ஜூன் 15, சனி

லேப்டாப்பில் சிடி போடும் இடமே இல்லை. கல்யாண ஆல்பம் போடும் ஸ்டுடியோவில் ஒரு பழைய கணினி இருந்தது. பையன்கள் யாருக்கும் அந்தப் பெட்டியைத் திறக்கத் தெரியவில்லை. முதலாளியே வந்து, சிடியைச் சட்டையில் துடைத்து, மூன்றாவது தடவையில் படிக்க வைத்தார். கோப்பைப் பென்டிரைவில் வாங்கி வந்தேன். வரும் வழியில் முருங்கைக்கீரையும் இரண்டு பால் பாக்கெட்டும்.

ஓபன்ஹாலோவை இறக்கிப் பிரித்து, கோப்பை அதன் ஃபோல்டருக்குள் போட்டு ஓட விட்டேன். கருப்புத் திரையில் ஒரே வரி: தரவுக் கோப்பு கிடைக்கவில்லை. கோப்பு அங்கேதான் இருக்கிறது. என் கண்ணுக்குத் தெரிகிறது. அதற்குத் தெரியவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

இன்றும் கிடைக்கவில்லை. எடுத்துத் திரும்பப் போட்டேன். எல்லாவற்றையும் அழித்து முதலிலிருந்து செய்தேன். உறவினர் ஒருவர் பார்க்க வந்தார். பொற்கொடியிடம் “தைரியமா இரும்மா” என்று சொல்லிவிட்டு, திரும்பி என்னிடம், “இந்த நேரத்துல கம்ப்யூட்டர்ல என்னப்பா பண்ற?” என்றார்.

ஜூன் 17, திங்கள்

காலையில் அவளிடமே கேட்டேன். அவள் திருப்பிக் கேட்டாள்.

“கோப்போட பேரு எப்படி இருக்கு? பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா?”

“பெரிய எழுத்து.”

“சின்ன எழுத்தா மாத்துங்க. அதுக்கு ரெண்டும் வேற வேற.”

மாற்றினேன். ஒரு கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கரகரவென்று ஒரு இசை. கல் சுவர்கள்.

இரண்டு நாள் நான் திண்டாடினேன். அவள் பக்கத்துப் படுக்கையில்தான் இருந்தாள். முதலிலேயே கேட்டிருக்கலாம்.

மடியில் தலையணை, அதன்மேல் லேப்டாப். இடது கையைத் தூக்கிப் பொத்தான்கள் மேல் வைத்தேன். கட்டை விரலால் சுடுவதற்கும் மற்ற நான்கு விரல்களால் நடந்து திரும்புவதற்கும் வைத்துக்கொண்டாள். தொடங்கியபோது நான் பின்னால் நின்றேன், ஏதாவது உதவி வேண்டுமானால் செய்யலாம் என்று. பத்து நிமிடத்தில் நான் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். திரையில் அவள் ஓடிய வேகத்தில் எனக்குத் தலை சுற்றியது. மூலையில் என்ன வரப்போகிறது என்று அவளுக்கு முன்பே தெரிந்திருந்தது. திரும்பாமலேயே சுட்டாள். சுவர் என்று நான் நினைத்த இடத்தில் மோதினாள்; அது கதவாகத் திறந்தது.

“யாரு ஒனக்கு இதைச் சொல்லிக் குடுத்தா?”

“யாரும் இல்ல. லேப்ல நாங்க எட்டுப் பேரு. ஏழு பேரு பசங்க.” மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னாள். “நாலு வருசத்துல யாரும் என்னைய ஜெயிச்சதில்ல.”

பிறகு அவள் சிரித்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தம் எனக்கு மறந்து போயிருந்தது.

ஜூன் 28, வெள்ளி

ஓபன்ஹாலோவில் எந்த வேலைக்கு எந்தப் பொத்தான் என்பதை நாமே மாற்றிக்கொள்ளலாம். ஒரு சின்ன எழுத்துக் கோப்பு; திறந்து திருத்தினால் போதும். இன்று சுண்டு விரலுக்கு இருந்த வேலையை நடுவிரலுக்குக் கொடுத்தேன். மோதிர விரலுக்கு வேலை எதுவும் வைக்கவில்லை.

மெத்தைக்கடியில் போடும் ரப்பர் ஷீட் புதிதாக வாங்கினேன்.

ஜூலை 6, சனி

வயிற்றில் குழாய் வைத்து மூன்றாவது நாள். இனி கஞ்சி, பருப்புத் தண்ணீர், மாத்திரை எல்லாம் அதன் வழிதான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் லேப்டாப்பைக் கேட்டாள். வேகத்தைக் குறைத்து வைத்தேன். கோபப்பட்டாள்.

“இவ்வளவு மெதுவா வந்தா பேய்க்கே பாவமா இருக்கும்.”

வேகத்தைத் திரும்பக் கூட்டினேன். மூன்று தடவை செத்தாள். நான்காவது தடவை அவளே வேகத்தைக் குறைக்கச் சொன்னாள். நான் ஜன்னலைத் திறக்கப் போனேன்.

ஜூலை 14, ஞாயிறு

ஓபன்ஹாலோவைச் செய்கிறவர்கள் கூடிப் பேசும் தளம் ஒன்று இருக்கிறது. இரண்டு விரலால் விளையாட வழி உண்டா என்று அங்கே கேட்டு எழுதினேன். வதனி காட்டிக் கொடுத்த மொழிபெயர்ப்பு வசதியில் தமிழைப் போட்டு ஆங்கிலமாக எடுத்தேன். போலந்து நாட்டிலிருந்து மாரெக் என்பவர் பதில் போட்டார். ஓபன்ஹாலோவை எழுதுகிற நான்கைந்து பேரில் அவர் ஒருவர். வழி சொன்னார். மனைவி எந்தெந்த வரைபடங்களை விளையாடுகிறார் என்றும் கேட்டார். வரைபடம் என்றால் விளையாட்டுக்குள் இருக்கும் இடம். யார் வேண்டுமானாலும் புதிதாகக் கட்டிச் சேர்க்கலாமாம்.

பொற்கொடியிடம் கேட்டேன்.

“‘சி பிளாக்’னு ஒண்ணு இருக்கான்னு கேளுங்க. கொடின்னு பேரு போட்டிருக்கும்.”

அரை மணி நேரத்தில் பதில் வந்தது. மொழிபெயர்த்ததை அப்படியே எழுதுகிறேன்:

“சி பிளாக் தெரியாதவர் இங்கே இல்லை. 2002-இல் வந்தது. நான் பதினாலு வயதில் அதைப் பார்த்துத்தான் நிரல் எழுதக் கற்றேன். செய்தவர் கோடி என்று ஒரு அமெரிக்கர். 2004-க்குப் பிறகு அவரைக் காணவில்லை. இறந்துவிட்டார் என்று சிலர் சொல்கிறார்கள். ஏன் கேட்கிறீர்கள்?”

படித்துக் காட்டினேன். பொற்கொடியின் கண்களிலிருந்து தண்ணீர் வழிந்தது. துடைத்துவிட்டேன். திரும்ப வழிந்தது.

“கோடி இல்ல, கொடின்னு சொல்லுங்க,” என்றாள். “அமெரிக்கன் இல்ல, கோவில்பட்டின்னு சொல்லுங்க.”

ஜூலை 15, திங்கள்

ஒரே நாளில் நூற்று நாற்பது பேர் எழுதியிருக்கிறார்கள். பிரேசில், ஜப்பான், பெயர் தெரியாத ஊர்கள். காலையிலிருந்து படித்துக் காட்டி எனக்குத் தொண்டை கட்டிவிட்டது. பாதி பேர் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: ஏன் நிறுத்திவிட்டார்?

குடும்பப் பொறுப்புகள் என்று பதில் எழுதினேன்.

சி பிளாக்கை இறக்கி ஓட விட்டோம். பெண்கள் விடுதி. நீண்ட வராந்தா, துணி காயும் மொட்டை மாடி, தண்ணீர் வராத குழாய்கள். விளக்கின் வெளிச்சம் ஒவ்வொரு படியிலும் ஒரு அளவு குறைந்துகொண்டே இறங்குகிறது. நான் ஆயிரக்கணக்கில் புல வரைபடம் வரைந்தவன். இப்படி ஒரு கட்டடத்தை மனதிலிருந்து எடுத்து வரைய எனக்கு வராது. இருபத்தோரு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம்.

ஜூலை 27, சனி

கட்டை விரல் மட்டும்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மாரெக் ஒரு மாற்றம் எழுதி அனுப்பியிருக்கிறார். மூல நிரல் திறந்து கிடப்பதால் யார் வேண்டுமானாலும் கை வைக்கலாம். இவர் பொற்கொடிக்காகக் கை வைத்திருக்கிறார். திரையில் முன்னால், இடம், வலம், சுடு என்று நான்கு குறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஒளிரும். வேண்டியது ஒளிரும்போது ஒரே ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அழுத்தும்வரை எதிரிகளும் நின்றுகொண்டிருப்பார்கள்.

நிறுவ ஒரு பகல் முழுக்க ஆனது. பழையதை நீக்காமல் புதியதைப் போட்டதால் இரண்டும் அடித்துக்கொண்டன. இந்தத் தடவை முதலிலேயே அவளிடம் கேட்டேன்.

கன்னத்தின் பக்கமாக ஒரு சின்ன ஸ்விட்சைத் தலையணையோடு கட்டியிருக்கிறேன். கன்னம் அசைகிறது.

ஆகஸ்ட் 10, சனி

பேச்சு போய்விட்டது. புதன்கிழமை “தண்ணி” என்றது கடைசி என்று நினைக்கிறேன். அப்போது எனக்குத் தெரியாது, குறித்து வைக்கவில்லை.

எழுத்து அட்டை செய்தோம். நான் க, ங, ச என்று விரலை நகர்த்திக்கொண்டே போவேன்; வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணை மூடித் திறப்பாள். பிறகு காலா, கொம்பா, சுழியா, புள்ளியா என்று கேட்பேன். மதியத்துக்குள் அவளுக்குப் பொறுமை போய்விட்டது. காலும் கொம்பும் வேண்டாம், நீங்களே ஊகித்துக்கொள்ளுங்கள் என்றாள். அதைச் சொல்லவே இருபது நிமிடம் ஆனது.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

இன்று விளையாட வேண்டாம் என்றாள். வரைபடம் கட்டும் மென்பொருளை நிறுவச் சொன்னாள். அதுவும் இலவசம்தான். நிறுவிவிட்டு, “யாருக்கு?” என்று கேட்டேன்.

“நீங்க கை. நா சொல்றே,” என்று வந்தது அட்டையில்.

புள்ளி, கோடு, கோடுகள் சேர்ந்தால் அறை. தரையின் உயரம், கூரையின் உயரம், வெளிச்சம். அளவெல்லாம் எட்டின் மடங்கு. நிலம் அளக்கும் சங்கிலிக்குப் பதில் மவுஸ். மற்றபடி என் வேலைதான். முதல் சுவரைப் போட்டேன். கோணல் என்றாள். நான் போட்ட கோட்டைக் கோணல் என்று இதுவரை எந்த மேலதிகாரியும் சொன்னதில்லை. அளந்து பார்த்தேன். கோணல்தான்.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஒரு நாளைக்கு ஒரு அறை. சில நாள் பாதி அறை. காலையில் உடம்பு துடைத்து, குழாயில் கஞ்சி விட்டு, சளியை உறிஞ்சி எடுத்து, பதினோரு மணிக்கு உட்காருவோம். மத்தியானம் நர்ஸ் ஜெசிந்தா சிஸ்டர் வரும்வரை.

நீளமான மண்டபம், இரண்டு பக்கமும் மேடை. நடுவில் பள்ளம். ஒரு ஓரமாகச் சின்ன அறைகள். எனக்கு ஏதோ புரிந்த மாதிரி இருந்தது. எங்கள் முதல் வாடகை வீடு, பழங்காநத்தத்தில் இருந்தது, ரயில் பெட்டி மாதிரி நீளமாக இருக்கும்.

“இது நம்ம பழைய வீடா, பொற்கொடி?”

அட்டையைப் பார்த்தாள். எழுத்தெழுத்தாக வந்தது.

“எல்லாம் உங்களப் பத்தியே இருக்கணுமா?”

பிறகு சொன்னாள்: அது கடலுக்கு அடியில் ஒரு ரயில் நிலையம்.

செப்டம்பர் 5, வியாழன்

மாரெக் பழைய பதிவுகளைத் தோண்டியிருக்கிறார். 2004 அக்டோபரில் கொடி எழுதியது: “இன்னும் ஆறு வரைபடங்கள் தயார். சரிபார்த்துவிட்டு ஒன்றொன்றாக வெளியிடுவேன்.” அந்த ஆறும் எங்கே என்று கேட்கிறார். எங்காவது ஒரு பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்தால் மீட்டெடுக்க ஆட்கள் இருக்கிறார்களாம்.

பதில் எழுதினேன்.

வாஷிங் மெஷின் தண்ணீர் ஒழுகுகிறது. ஆள் வரச் சொல்லியிருக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

ஐந்தாம் தேதி மாரெக்கின் கேள்வியை அவளுக்குப் படித்துக் காட்டவில்லை. அதற்குப் பிறகும் படிக்கவில்லை. நேற்று சுவாச டாக்டர் வீட்டுக்கு வந்து, தொண்டையில் துளை போட்டு மிஷின் வைப்பதைப் பற்றிப் பேசினார். “வேண்டாமா?” என்றதற்கு அவள் கண்ணை மூடித் திறந்தாள். டாக்டர் மூன்று தடவை கேட்டார். மூன்று தடவையும் அதேதான். நான் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுத வேண்டாம்.

அதனால் இன்று சொன்னேன்.

2004 டிசம்பர். பொற்கொடி பிரசவத்துக்காகக் கோவில்பட்டியில் அவள் அம்மா வீட்டில் இருந்தாள். பழங்காநத்தம் வீட்டில் ஒரே படுக்கையறை. அவள் அப்பா படிப்புக்காக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டர் அதன் மூலையில் மேசைமேல் இருந்தது. தொட்டிலுக்கு இடம் வேண்டும் என்று எல்லாரிடமும் சொன்னேன். தொட்டிலைக் கூடத்திலும் கட்டியிருக்கலாம், கொக்கி இருந்தது. வெயிலில் வயல் வயலாக அளந்துவிட்டு நான் வரும்போது, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் “வந்துட்டீங்களா” என்பாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. அவ்வளவுதான் காரணம். டைப் அடிக்கும் கடைக்காரர் ஒருவருக்கு விற்றேன். “உள்ள ஏதும் இருக்கா சார்?” என்று கேட்டார். “ஒண்ணுமில்ல, அழிச்சிட்டு வச்சுக்கங்க” என்றேன்.

மூன்று மாதக் குழந்தையோடு வந்தவள் அந்த மூலையைப் பார்த்தாள். “பிள்ளைக்குக் காத்து நல்லா வரும்” என்றாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்காததால் பெரிய விஷயமில்லை என்று வைத்துக்கொண்டேன்.

இதையெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல நினைத்தேன். ஸ்விட்சின் ஒயரைப் பார்த்துக்கொண்டுதான் சொல்ல முடிந்தது. மாரெக் கேட்டதையும் சொன்னேன். முடித்துவிட்டு நிமிர்ந்தால் அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். விரலை வைத்தேன். இரண்டு தடவை வரிசை தவறினேன்.

“அதுக்கு அழ இப்ப நேரமில்ல. ரெண்டாம் பிளாட்பாரத்துக்குக் கதவு வைங்க.”

வைத்தேன். அகலம் 128.

செப்டம்பர் 13, வெள்ளி

காலையில் முகம் துடைக்கும்போது அட்டையைக் கேட்டாள்.

“அந்த ஆறுல ரெண்டு நல்லா இல்ல.”

சற்று நேரம் கழித்து: “நாலு நல்லாருக்கும்.”

செப்டம்பர் 22, ஞாயிறு

வதனி சென்னையிலிருந்து வந்திருக்கிறாள். நர்சிங் இரண்டாம் வருடம். வந்ததும் எனக்கு முன்பே அவள் கண் அம்மாவின் நகங்களுக்குப் போனது, நீல நிறம். அதைப் பற்றி என்னிடம் பேச வந்தாள். கடைக்குப் போக வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

திரும்பி வந்தபோது அம்மாவும் மகளும் ரயில் நிலையத்துக்குள் இருந்தார்கள். வதனி பொத்தான்களை அழுத்த, பொற்கொடி பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கூரைக்கு மேலே கடல். பச்சை வெளிச்சம் தண்டவாளத்தின் மேல் அசைந்தது.

“அப்பா, இது அம்மாவா செஞ்சாங்க?”

“ஆமா.”

“நீங்க இல்லையே?”

“நான் கோடு மட்டும்தான் போட்டேன்.”

வதனி அம்மாவின் நெற்றியில் நெற்றியை வைத்துக்கொண்டு வெகு நேரம் இருந்தாள். “ஏம்மா எங்கிட்ட சொல்லவே இல்ல?” என்றாள். நான் அட்டையை எடுத்து வந்தேன். பொற்கொடி அட்டையைப் பார்க்கவில்லை, மகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 6, ஞாயிறு

வாடகைக்கு எடுத்த மூச்சு மிஷினின் மாஸ்க் நாள் முழுக்க மூக்கில். கன்னம் ஸ்விட்சை அழுத்தவில்லை. கண் மட்டும். இன்று ஒரு விளக்கு வைத்தோம், மூன்றாம் பிளாட்பாரத்தில் முதல் விளக்கு. வெளிச்சம் 160. அடுத்த விளக்குக்கு எவ்வளவு என்று கேட்டேன். தூங்கிவிட்டாள்.

வரைபடத்துக்குப் பேர் வைக்கவில்லையே என்று சாயங்காலம் கேட்டேன். அட்டையில் சொன்னாள்: “கடைசி வண்டி இல்ல. அடுத்த வண்டி.”

“‘அடுத்த வண்டி’ன்னு பேரா?”

கண்ணை மூடித் திறந்தாள்.

அக்டோபர் 11, வெள்ளி

காலை 9.40.

அக்டோபர் 27, ஞாயிறு

நேற்று பதினாறு முடிந்தது. வந்தவர்கள் எல்லாம் போய்விட்டார்கள். வாடகைக்கு எடுத்த மிஷினைத் திரும்பக் கொடுத்தேன். வதனி ஒரு மாதம் விடுப்புச் சொல்லிவிட்டு இருக்கிறாள்.

பதினோரு மணிக்கு லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த பிறகுதான் எதற்கு என்று யோசித்தேன்.

வரைபடத்தை முடிக்காத நிலையிலேயே மாரெக்குக்கு அனுப்பினேன். கொடி உடல்நிலை காரணமாக இதற்கு மேல் செய்ய முடியவில்லை என்று எழுதினேன். அவர் ஓட விட்டுப் பார்த்துவிட்டு, மூன்றாம் பிளாட்பாரம் இருட்டாக இருக்கிறது, நானே நான்கு விளக்குகள் வைத்துவிடட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவள் சொல்லாத விளக்கை யாரும் வைக்க வேண்டாம்.

தளத்தில் ஏற்றுவதற்கு ஒரு படிவம் உண்டு. பெயர், செய்தவர், செய்ய எடுத்த காலம். செய்தவர் என்ற இடத்தில் முழுப் பெயரையும் எழுதினேன்: பொற்கொடி, கோவில்பட்டி. எடுத்த காலம்: ஐம்பது நாள். அவள் இறந்ததைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடம் எதுவும் இல்லை. நானும் சொல்லவில்லை.

நவம்பர் 3, ஞாயிறு

“அடுத்த வண்டி”யை ஒரு வாரத்தில் நாலாயிரம் பேர் இறக்கியிருக்கிறார்கள். கடலையும் பச்சை வெளிச்சத்தையும் பற்றி எழுதுகிறார்கள். இருட்டாகக் கிடக்கும் மூன்றாம் பிளாட்பாரத்தைப் பற்றி ஒருவர் இரண்டு பக்கம் எழுதியிருக்கிறார்.

இன்று காலை யாரோ ஒரு பெண் கேட்டிருந்தாள்: “எனக்கு மட்டும்தான் கோபமா? இப்படிச் செய்யத் தெரிந்தவர் இருபது வருடம் ஏன் ஒன்றுமே செய்யவில்லை? ஆறு வரைபடங்கள் இருந்தனவே?”

அதற்குக் கீழே மாரெக் பதில் போட்டிருந்தார்: “அவருடைய கணினி பழுதாகி எல்லாம் அழிந்துவிட்டது. அவர் கணவர் எனக்கு எழுதினார். யாருடைய தவறும் இல்லை. உடல் தேறியதும் மீதியையும் செய்வார் என்று நம்புவோம்.”

செப்டம்பர் ஐந்தாம் தேதி நான் எழுதிய பதில் அதுதான். இந்த நோட்டில் அதை எழுதவில்லை.

கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். மொழிபெயர்ப்பு வசதியில் போடவில்லை. எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் நானே எழுதினேன். ஐந்தே வரிகள். நான் பூமிநாதன், பொற்கொடியின் கணவன். அவள் அக்டோபர் 11 காலையில் இறந்துவிட்டாள். மாரெக் சொன்னது அவர் தவறு இல்லை, நான் அவரிடம் சொன்ன பொய். கணினி பழுதாகவில்லை, நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. அவளைக் கேட்காமல் நான் விற்றேன்.

எழுதிவிட்டு அனுப்பாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். வதனி காபி கொண்டுவந்து வைத்தாள். திரை அவள் பக்கம்தான் இருந்தது. மூடியிருக்கலாம், மூடவில்லை.

படித்தாள். முதலிலிருந்து இன்னொரு தடவை படித்தாள். காபியில் ஆடை படிந்தது.

“அம்மாவுக்குத் தெரியுமா?”

“மொதல்லருந்தே தெரியும்.”

அவள் உள்ளே போய்விட்டாள். அறைக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் அப்படியே உட்கார்ந்திருந்தேன். தெருவில் காய்கறி வண்டி வந்து, கூவிவிட்டு, அடுத்த தெருவுக்குப் போனது.

கதவு திறந்தது. முகம் கழுவியிருந்தாள். பக்கத்தில் வந்து குனிந்து, கடைசி வரியில் விரலை வைத்தாள்.

“‘செல்ட்’ இல்லப்பா. ‘ஸோல்ட்’.”

அவளே அழித்துத் திருத்தினாள். என்னைப் பார்க்கவில்லை.

“அனுப்பட்டுமா?”

“அனுப்பு.”

அனுப்பினாள்.